வலியில்லாத கல், வந்துபோகும் குளிர்காய்ச்சல்: தடைக்காலம் வரை காத்திருக்கலாமா?

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். நாங்கள் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். அம்மாவுக்கு 56 வயது. காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து, அன்னக்கூடையில் வைத்து விற்கிறார். 12 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. இரண்டு வருடம் முன்பு ஸ்கேனில் இடது கிட்னியில் கல் என்றார்கள். வலி இல்லாததால் அப்படியே விட்டுவிட்டோம். நீர்க்கடுப்பு மட்டும் அடிக்கடி வரும். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டால் நின்றுவிடும். இந்த இரண்டு மாதத்தில் மூன்று முறை ராத்திரியில் குளிர்காய்ச்சல் வந்தது. மலேரியா டெஸ்ட் எடுத்தோம், இல்லை என்று வந்தது. தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டு டிரிப் ஏற்றினார்கள், சரியாகிவிட்டது. போன வாரம் மறுபடி ஆரம்பித்து, இப்போது விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. இடுப்பில் இடது பக்கம் கனமாக இருக்கிறது என்கிறார். புதிய ரிப்போர்ட்டுகளை இணைத்திருக்கிறேன். பார்த்த டாக்டர், முதலில் டியூப் போட வேண்டும், கல்லைப் பிறகு எடுக்கலாம், உடனே அட்மிட் ஆகுங்கள் என்றார். அம்மாவோ, "வலியே இல்ல, எதுக்கு ஆபரேசன்? ஏப்ரல் 15-க்கு மேல தடைக்காலம், போட்டு கடலுக்குப் போவாது, அப்போ பாத்துக்கலாம்" என்கிறார். வாழைத்தண்டுச் சாறு குடித்தே தன் கல் கரைந்தது என்கிறார் மாமா. சர்க்கரை ஏறியிருக்கும்போது கத்தி வைக்கக் கூடாது என்கிறார்கள் பக்கத்து வீட்டில். லாரித் தண்ணீரால்தான் கல் வந்தது என்றும் சொல்கிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காத்திருக்கக் கூடாது. தடைக்காலம் இருக்கட்டும், நாளைக் காலை வரைகூடத் தள்ளிப்போடக் கூடாது. ரிப்போர்ட்டுகளைப் பார்த்ததுமே உங்கள் எண்ணுக்கு அழைத்து, இன்றே அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டேன். நீங்களும் கிளம்பிவிட்டதாகச் சொன்னீர்கள். ஆனாலும் விரிவாக எழுதுகிறேன். அம்மாவுக்குக் காரணம் புரிந்தால்தான் அங்கே போன பிறகும் ஒத்துழைப்பார். இதே நிலையில், இதே காரணங்களைச் சொல்லி வீட்டிலேயே இருப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர்.

முதலில் ரிப்போர்ட்டுகளைப் பார்ப்போம். ஸ்கேனில் 'ஸ்டாக்ஹார்ன் கால்குலஸ்' என்று இருக்கிறது. மான் கொம்பு போலக் கிளை விட்ட கல் என்பதால் அந்தப் பெயர். சிறுநீரகத்தின் நடுவில் சிறுநீர் சேரும் கிண்ணம் போன்ற பகுதியையும், அதிலிருந்து பிரியும் அறைகளையும் நிறைத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது. அடுத்த வரியில் 'ஹைட்ரோநெஃப்ரோசிஸ்' என்றிருக்கிறது. சிறுநீர் வெளியேற வழியில்லாமல் தேங்கி, சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்று பொருள். அதற்கடுத்த வரியை வீட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். தேங்கிய நீருக்குள்ளே 'இன்டர்னல் எக்கோஸ்' தெரிகிறது என்று எழுதியிருக்கிறார் ஸ்கேன் டாக்டர். தெளிந்த சிறுநீர் ஸ்கேனில் வெறும் கறுப்பாகத் தெரியும். அதற்குள் புகைமூட்டமாக ஏதோ மிதந்தால் சீழாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். காய்ச்சல் அடிக்கும் சர்க்கரை நோயாளியிடம் இது தெரிந்தால், சீழ் இல்லை என்று நிரூபணமாகும் வரை சீழ் என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். சிறுநீரின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 8. சீழ் அணுக்கள் ஏராளம். தொற்று இருந்தால் ஏறும் ரத்த வெள்ளை அணுக்கள் 19,000. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியாட்டினின் 1.6. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 10.4. எல்லாம் அடைபட்ட சிறுநீரகத்தில் தொற்று என்ற ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

வலி இல்லையே என்று அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. கிட்னிக் கல் என்றால் தரையில் உருண்டு புரளும் வலி என்றுதான் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்த வலி, சின்னக் கல் ஒன்று சிறுநீர்க் குழாய்க்குள் இறங்கி மாட்டிக்கொள்ளும்போது வருவது. அந்தக் குழாய் 25 சென்டிமீட்டர் நீளம், சில மில்லிமீட்டர் அகலம். 5 மில்லிமீட்டர் கல் மாட்டினாலே உயிர் போகும் வலி வரும். அம்மாவின் கல் அந்தக் குழாய்க்குள் இறங்கவே முடியாத அளவு பெரிது. மேலேயே உட்கார்ந்து, மெதுவாக, சத்தமில்லாமல் வளர்கிறது. நெடுநாள் சர்க்கரை வலி நரம்புகளையும் மந்தமாக்கிவிடும். ஆகவே வலி இல்லாததை வைத்து ஆபத்தில்லை என்ற முடிவுக்கு வராதீர்கள். கல் இருப்பவருக்குக் காய்ச்சல் வருகிறதா என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி.

இந்தக் கல் பிறந்த விதத்தையும் சொல்ல வேண்டும். நாம் சாதாரணமாகப் பார்க்கும் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட். அம்மாவுடையது அநேகமாக வேறு வகை, கிருமிகள் கட்டிய கல். புரோட்டியஸ், கிளெப்சியெல்லா போன்ற சில கிருமிகளிடம் 'யூரியேஸ்' என்ற நொதி இருக்கிறது. அது சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். சிறுநீர் காரத்தன்மைக்கு மாறும். அந்தக் காரத்தில் மக்னீசியமும் அம்மோனியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கல்லாகப் படியும். பி.எச். 8 என்ற அந்த எண் இதைத்தான் காட்டுகிறது. இந்தக் கல் சில மாதங்களிலேயே, சிலருக்குச் சில வாரங்களிலேயே பெரிதாகிவிடும். கிருமிகள் கல்லின் மேல் மட்டும் இல்லை, உள்ளுக்குள்ளும் குடியிருக்கின்றன. மருந்து அங்கே போய்ச் சேராது. அதனால்தான் மாத்திரை போட்டால் நீர்க்கடுப்பு நிற்கிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. அரைகுறையாக மூன்று நாள் போட்டு நிறுத்திய ஒவ்வொரு முறையும், அந்த மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமிதான் மிஞ்சியிருக்கும். நாளைக்கு நிஜமாகவே மருந்து தேவைப்படும் நேரத்தில் இது நம்மைச் சங்கடத்தில் விடும்.

நீர்க்கடுப்புக்கு என்று மருந்துக்கடையில் தரும் சிரப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவற்றில் பல, சிறுநீரைக் காரமாக்கி எரிச்சலைக் குறைப்பவை. சில வகைக் கற்களுக்கு அது நல்லதுதான். ஏற்கெனவே காரமாகிவிட்ட சிறுநீரில், காரத்தில் வளரும் கல்லை வைத்துக்கொண்டிருப்பவர் அதைப் பாட்டில் பாட்டிலாகக் குடிக்கக் கூடாது.

இனி ஆபத்துக்கு வருவோம். அடைபட்ட சிறுநீரகத்துக்குள் கிருமி சேர்ந்தால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சீழுக்கு வெளியே வர வழியில்லை. அழுத்தம் ஒரு அளவைத் தாண்டியதும் கிருமிகளும் அவற்றின் நச்சும் பின்பக்கமாக ரத்தத்துக்குள் தள்ளப்படும். ராத்திரியில் பற்கள் அடித்துக்கொள்ள, இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆட நடுங்கினார் என்று போனில் சொன்னீர்களே, அது கிருமி ரத்தத்தில் கலந்ததன் அடையாளமாக இருக்கலாம். அரை மணி நேரத்தில் நடுக்கம் நின்று, உடம்பு கொதித்து, பிறகு வேர்த்துக் கொட்டி, காலையில் 'சரியாகிவிட்டது' போலத் தோன்றும். உண்மையில் எதுவும் சரியாவதில்லை. வடசென்னையில் குளிர்காய்ச்சல் என்றாலே மலேரியா டெஸ்ட்தான் முதலில் நினைவுக்கு வரும். எடுப்பதில் தவறில்லை. மலேரியா இல்லை என்று வந்ததும் நிம்மதியாகிவிடுவதுதான் தவறு. கல் இருப்பவருக்கு அடுத்த கேள்வி, சிறுநீரகம் அடைபட்டிருக்கிறதா என்பதாக இருக்க வேண்டும்.

ஊசியும் டிரிப்பும் போதாதா என்றால், போதாது. அடைபட்ட சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டுவதைக் குறைத்துக்கொள்கிறது, அதனால் மருந்தும் அந்தப் பக்கத்துச் சிறுநீருக்குள் போதிய அளவு இறங்குவதில்லை. சீழ் கட்டிக்கு மாத்திரை மட்டும் கொடுத்து யாரும் விடுவதில்லை, கீறிச் சீழை வெளியே எடுத்தால்தான் ஆறும். சிறுநீரகச் சீழும் அப்படித்தான். அமெரிக்காவில் கல் அடைப்போடு ரத்தத்தில் நச்சு பரவிச் சேர்க்கப்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். அடைப்பை நீக்காமல் விடப்பட்டவர்களில் 19.2 சதவீதம் பேர் இறந்தார்கள். அடைப்பு நீக்கப்பட்டவர்களில் 8.82 சதவீதம். மருந்து எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சீழை வெளியே வடிக்கும் டியூப் செய்யும் வேலையை அது செய்யாது. காய்ச்சலோடு வரும் கல் நோயாளிக்கு ஸ்கேன்கூட எடுக்காமல் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புவதை நான் எந்தக் கிளினிக்கிலும் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

சில நேரம் சிறுநீர் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், கிருமி இல்லை என்று வந்துவிடும். அதை நம்பியும் ஏமாறக் கூடாது. முழுக்க அடைபட்ட பக்கத்திலிருந்து ஒரு சொட்டும் கீழே இறங்காது. பாட்டிலில் பிடித்துக் கொடுத்தது நல்ல பக்கத்துச் சிறுநீராக இருக்கும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு வரும் ஒரு சிக்கலை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது, சில கிருமிகள் சிறுநீரகத் திசுவில் அந்தச் சர்க்கரையை நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்கும். சி.டி. ஸ்கேனில் சிறுநீரகம் இருக்க வேண்டிய இடத்தில் காற்றுக் குமிழிகள் தெரியும். 'எம்ஃபைசிமேட்டஸ் பைலோநெஃப்ரைட்டிஸ்' என்று பெயர். இந்த நோய் வருபவர்களில் 10-இல் 9 பேருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள். ஒன்றிரண்டு நாளிலேயே சிறுநீரகம் அழுகிப்போகலாம், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பெல்லாம் உடனே சிறுநீரகத்தை எடுத்துவிடுவார்கள். இப்போது சீக்கிரம் வந்தால் டியூப்பும் மருந்தும் வைத்தே பலருடைய சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடிகிறது. அம்மாவுக்குச் சாதாரண ஸ்கேன் போதாது, சி.டி. எடுங்கள் என்று நான் போனில் சொன்னது இதற்காகத்தான். படம் இன்னும் தெளிவாகத் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாமல் எடுக்கும் சி.டி.யிலேயே கல்லும் வாயுவும் தெரிந்துவிடும். கிரியாட்டினின் கூடியிருப்பதால் அதுவே முதலில் நல்லது.

மெதுவாகக் கெடுக்கும் வகையும் உண்டு. பல மாதம், பல வருடம் சீழும் கல்லும் சேர்ந்தே இருந்தால், சிறுநீரகம் வேலை செய்வதை நிறுத்திவிட்டு, உள்ளே மஞ்சள் நிறக் கொழுப்பணுக்கள் நிறைந்த திசுவாக மாறிப்போகும். இளைப்பு, சோகை, விட்டு விட்டுக் காய்ச்சல் என்று நோயாளி வருவார். ஸ்கேனில் புற்றுநோயோ என்று சந்தேகம் வருமளவுக்குக் கட்டியாகத் தெரியும். அந்த நிலையில் பெரும்பாலும் சிறுநீரகத்தையே எடுக்க வேண்டியிருக்கும். சீழ் சிறுநீரகத்தைத் தாண்டிச் சுற்றியுள்ள கொழுப்பிலும், முதுகெலும்பை ஒட்டியுள்ள தசையிலும் பரவலாம். அப்போது காலை நீட்டினால் இடுப்பு வலிக்கும், மடக்கியே படுத்திருப்பார்கள். குடலுக்கோ தோலுக்கோ துளை விழுந்து சீழ் வடிவதும் உண்டு. மிக அரிதாக, பல்லாண்டு உள்ளேயே கிடந்த கல் உரசி உரசிப் புற்றுநோயும் வரும். பயமுறுத்த இதையெல்லாம் எழுதவில்லை. 'இருக்கிற இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விட்டுவிடக்கூடிய கல் இல்லை இது.

இப்போது டியூப் பற்றி. ஆபரேஷன் என்று அம்மா பயப்படுவது இதற்காக என்றால், அவ்வளவு பயம் தேவையில்லை. இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, சிறுநீர்ப்பை வழியாகப் போய் சிறுநீரகம் வரை உள்ளேயே வைக்கும் மெல்லிய குழாய், டி.ஜே. ஸ்டென்ட். இன்னொன்று, முதுகுப் பக்கத்திலிருந்து நேராகச் சிறுநீரகத்துக்குள் வைத்து, வெளியே ஒரு பையில் இணைக்கும் குழாய், நெஃப்ராஸ்டமி. அடைப்பை நீக்குவதில் இரண்டும் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. மான் கொம்புக் கல், கெட்டியான சீழ், மயக்க மருந்தைத் தாங்க முடியாத உடல்நிலை என்றால் நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்துவோம். ஊசி சரியான இடத்தைத் தொட்டதும் சிரிஞ்சை இழுத்தால், சிறுநீர் வருவதற்குப் பதில் மஞ்சளும் பச்சையுமாகக் கெட்டியாக, நாற்றத்தோடு சீழ் ஏறும். முதலில் வருவதைக் கல்ச்சருக்கு எடுத்து வைப்போம், எந்த மருந்துக்குக் கிருமி மசியும் என்பதை அதுதான் சரியாகச் சொல்லும். பிறகு குழாயை வைத்துத் தையல் போட்டுப் பையில் இணைத்துவிடுவோம். முதல் நாள் பையில் அடியில் படிந்து நிற்கும் திப்பி, அடுத்தடுத்த நாளில் குறைந்து, சிறுநீர் தெளியும். காய்ச்சல் இறங்கும். இரண்டு மூன்று நாளில் நோயாளியே டீ கேட்பார். குழாய் வைத்ததும் சில மணி நேரத்துக்கு நடுக்கமும் காய்ச்சலும் அதிகமாகலாம், அதற்காகத்தான் வார்டில் கூடவே கவனிப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க அம்மா ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கல்லையும் அப்போதே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். சீழ் நிறைந்த சிறுநீரகத்தில் கல்லை உடைத்தால், உள்ளே இருக்கும் கிருமியையும் நச்சையும் நாமே ரத்தத்துக்குள் அனுப்பியது போலாகும். ஆகவே முதலில் வடிகால், பிறகு மருந்து, காய்ச்சல் முழுக்கத் தணிந்து சில வாரம் கழித்துக் கல். இந்த வரிசை மாறக் கூடாது. வெளியிலிருந்து அதிர்வு கொடுத்து உடைக்கும் சிகிச்சையும் அடைப்பும் சீழும் இருக்கும்போது கூடவே கூடாது.

சர்க்கரை குறைந்த பிறகு பார்க்கலாம் என்பது இங்கே தலைகீழான யோசனை. உள்ளே சீழ் இருக்கும் வரை சர்க்கரை இறங்கவே இறங்காது. வடிகால் வைத்துவிட்டு, கூடவே இன்சுலின் கொடுத்தால்தான் இறங்கும். அம்மா சாப்பிடும் எல்லாச் சர்க்கரை மாத்திரைகளையும் அட்டையோடு எடுத்துக்கொண்டு போங்கள். உடம்பு இப்படி இருக்கும்போது, சாப்பிடாமல் கிடக்கும்போது, நிறுத்தி வைக்க வேண்டிய மாத்திரைகள் சில உண்டு. வலிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரை, ஊசி எதுவும் வேண்டாம். ஏற்கெனவே தத்தளிக்கும் சிறுநீரகத்தை அவை மேலும் தள்ளிவிடும். வழியில் காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போதும்.

மாமாவின் வாழைத்தண்டு. மாமா பொய் சொல்லவில்லை. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் பெரும்பாலானவை தானாகவே வெளியேறிவிடும். அந்த நேரத்தில் எதைக் குடித்துக்கொண்டிருந்தோமோ அதற்குத்தான் பெயர் போகும். கிருமி கட்டிய மான் கொம்புக் கல்லை எந்தச் சாறும் கரைத்ததில்லை. வாழைத்தண்டில் பொட்டாசியம் வேறு இருக்கிறது. கிரியாட்டினின் ஏறியிருப்பவர் அதை டம்ளர் டம்ளராகக் குடித்தால் ரத்தத்தில் பொட்டாசியம் கூடி இதயத் துடிப்பையே பாதிக்கும். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் அடைப்பு தள்ளிக்கொண்டு போய்விடும் என்பதும் நடக்காது. லாரித் தண்ணீரின் மேலும் பழி போட வேண்டாம். இந்த வகைக் கல்லுக்குக் காரணம் கிருமி.

எந்த நிலையில் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது என்பதை இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல் இருப்பதாகத் தெரிந்தவருக்குக் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல். பேச்சில் குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கம். நிமிடத்துக்கு 22-க்கு மேல் மூச்சு. மேல் ரத்த அழுத்தம் 100-க்குக் கீழே. சிறுநீர் குறைந்துபோவது, கை கால் சில்லிட்டுப்போவது. வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் காய்ச்சலே இல்லாமல் வெறும் வாந்தியும் சோர்வுமாகவும் வரும். ஒரே சிறுநீரகம் உள்ளவர், கர்ப்பிணி என்றால் இன்னும் எச்சரிக்கை. இந்த அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

உங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் தூரமில்லை. இரண்டிலும் சிறுநீரக அறுவைச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும். அவசரப் பிரிவில் கூட்டமாக இருக்கும். "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். முதல் வாக்கியத்திலேயே "கிட்னியில் கல் அடைப்பு, குளிர்காய்ச்சல், சர்க்கரை இருக்கிறது" என்று சொல்லி, அந்த ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை கிடைக்கும். அட்டை இல்லையென்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சைக்கு அது தேவையில்லை. அட்டை பெறுவது எப்படி என்று பிறகு அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளலாம்.

உடம்பு தேறிய பிறகு, அந்தச் சிறுநீரகம் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். நன்றாக இருந்தால் கல்லை எடுப்பது. பெரும்பாலும் போய்விட்டது, வலது பக்கம் திடமாக இருக்கிறது என்றால் சிறுநீரகத்தையே எடுக்கச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அதிர்ந்துபோகாதீர்கள், செத்துப்போன சிறுநீரகம் சீழ்க்கிடங்காகத்தான் இருக்கும். கல்லை மட்டும் எடுப்பதாக இருந்தால், முதுகில் சுமார் ஒரு சென்டிமீட்டர் துளை வழியாகக் கருவியைச் செலுத்தி உடைத்து எடுக்கும் பி.சி.என்.எல். முறைதான் இவ்வளவு பெரிய கல்லுக்கு ஏற்றது. கிளைகள் பல அறைகளுக்குள் போயிருப்பதால் இரண்டு தடவை செய்ய வேண்டி வரலாம். ரத்தக்கசிவு, ஆபரேஷனுக்குப் பின் காய்ச்சல் ஆகிய அபாயங்கள் இதிலும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் எடுக்காமல் விடுவதன் அபாயத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1976-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், மான் கொம்புக் கல்லை எடுக்காமல் விட்டவர்களில் 28 சதவீதம் பேர் பத்தாண்டுக்குள் இறந்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 7.2 சதவீதம். அன்றைய மருந்துகள் வேறு, அன்று பெரிய கீறல் போட்டுத்தான் கல்லை எடுத்தார்கள். அப்போதே வித்தியாசம் அவ்வளவு. ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் எடுப்பது இந்த வகைக் கல்லில் மிக முக்கியம். மிச்சத் துண்டில் கிருமி இருக்கும், அதைச் சுற்றி மறுபடி கல் கட்டும். எடுத்த கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

டி.ஜே. ஸ்டென்ட் வைத்தால் ஒரு விஷயத்தில் மிகவும் கவனம் தேவை. அது வெளியே தெரியாது, வலியும் போகப்போகப் பழகிவிடும். வீடு திரும்பியதும் மறந்துவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்குள், டாக்டர் சொன்ன தேதியில், எடுத்தே ஆக வேண்டும். கிருமிக் கல் கட்டும் உடம்பில் ஸ்டென்ட் மேலேயே கல் படிந்துவிடும். அப்போது அதை எடுப்பதே தனி ஆபரேஷன் ஆகிவிடும். டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட் இருக்கிறது, இந்தத் தேதியில் எடுக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். உங்கள் போனிலும் போட்டு வையுங்கள், அம்மாவிடம் விட்டுவிடாதீர்கள்.

நெஃப்ராஸ்டமி பையோடு வீட்டுக்கு அனுப்பினால், பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும். படுக்கும்போது குழாய் மடங்கக் கூடாது. சிறுநீர் வருவது நின்றாலோ, மறுபடி நடுங்கினாலோ, குழாய் வெளியே வந்துவிட்டாலோ அன்றே மருத்துவமனை. அன்னக்கூடை, ஐஸ் பெட்டி தூக்குவது கல் எடுத்த பிறகும் சில வாரம் கூடாது. வியாபாரத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதை வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். அம்மாவின் மனதில் ஆபரேஷன் பயத்தைவிட இந்தக் கவலைதான் பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. தடைக்காலத்துக்குக் காத்திருக்கும் பெண்மணி வேலையை அவ்வளவு பொறுப்பாகப் பார்க்கிறவர்.

இன்னொன்று, அவரிடம் நீங்கள்தான் கேட்க வேண்டும், ஆண் டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள். விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை மீன் விற்கும் பெண்கள், நல்ல கழிப்பறை கிடைக்காது என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருப்பதையும், மணிக்கணக்கில் அடக்கி வைப்பதையும் நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும், சர்க்கரை சேர்ந்தால் இன்னும் எளிது, அடக்கி வைத்தால் கிருமிக்கு இன்னும் வசதி. கல் எடுத்து முடித்து, சிறுநீரக டாக்டர் தண்ணீர் அளவைச் சொன்ன பிறகு, நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகுமளவு குடிக்கச் சொல்வோம். அந்த அறிவுரை நிற்க வேண்டுமானால் அவர் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் போய்வர ஓர் இடம் வேண்டும். யார் வீட்டில், எந்தக் கடையில் கேட்டு வைக்கலாம் என்று பாருங்கள்.

கல் போன பிறகு முதல் வருடம், டாக்டர் சொல்லும் இடைவெளியில் சிறுநீர் கல்ச்சரும் ஸ்கேனும் எடுக்க வேண்டும். கிருமி தெரிந்தால் கல்லாகும் முன்பே பிடித்துவிடலாம். மருந்துக்கடை மாத்திரைக்கு இனி இடமில்லை. டியூப் வைத்த பிறகு சீழ் கல்ச்சர் ரிப்போர்ட் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். எந்த மருந்து, எத்தனை நாள் என்று வார்டு டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, ரிப்போர்ட்டின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள்.